சரிவில் தொங்கிய ஜீப்

ஸைனுலாப்தீனின் காதைப் பற்றிச் சாய்ந்தமருதில் தெரியாத ஆள் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் காது இரண்டு. அந்த மனிசனுக்கு உடம்பெல்லாம் காது. பள்ளிவாசலில் தொழ நிற்கும்போதே, மேலே சுற்றுகிற ஃபேன்களில் எது ஆட்டம் கண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஸலாம் கொடுத்த கையோடு மோதினாரைத் தேடிப் போவார். கல்முனை பஸாரில் டைல்ஸும் பைப்பும் விற்கிற கடை அவருடையது. ஒருவர் வந்து விலை கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் தண்ணீர் மோட்டர் கொஞ்சம் வேறு மாதிரி முனகினால் போதும், பேச்சை அரைவாசியில் விட்டுவிட்டு எழும்பிப் போய்விடுவார். வந்தவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு அடுத்த கடைக்கு நடப்பார். அதைப் பற்றி இவருக்குக் கவலையே இல்லை. சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட மனிசனுக்குத்தானா அந்த ஜீப் வந்து வாய்க்க வேண்டும்!

பழைய ஜீப்தான், ஆனால் நல்ல ஜீப். நாலு சில்லும் சேர்ந்து இழுக்கிற வண்டி, ஓட்டோ கியர். சவளக்கடைப் பக்கம் அவருக்கு வயல் இருக்கிறது. மாரி பிறந்தால், ஆற்றைக் கடக்கிற கிட்டங்கித் தாம்போதிக்கு, அந்தத் தாழ்ந்த பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும். வயலுக்குப் போகிற பாதை களியாகிக் கணுக்கால் வரைக்கும் உள்ளே இழுக்கும். சாதாரணக் காருக்கு அங்கே வேலை இல்லை. அதனால்தான் ஜீப்பை வாங்கினார். வாங்கி வந்த மறுநாள் காலையிலேயே அவருடைய நிம்மதி போய்விட்டது.

காலையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதித்துக்கொண்டு கியர் தடியைப் பார்க்கிங்கிலிருந்து இழுத்தார். அடியில் 'டொக்' என்று ஒன்று விழுந்தது. யாரோ கீழே படுத்துக்கொண்டு சுத்தியலால் ஒரு போடு போட்டது மாதிரி. இருக்கையில் இருந்தவரின் முதுகெலும்பு வரைக்கும் அது வந்தது. பிறகு ரோட்டில் எங்காவது நிறுத்தி எடுக்கும்போது 'டிக்' என்று இன்னொன்று, கொஞ்சம் அடக்கமாக. பெரியதும் சின்னதுமாக இரண்டு சத்தங்கள் அவரோடு குடித்தனம் நடத்தத் தொடங்கின.

சின்னதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரியது மகா திருகுதாளம் பிடித்தது. காலையில் வீட்டில் மட்டும்தான் வரும். கடை வாசலில் நிறுத்தி எடுத்தால் வராது, கராஜில் வரவே வராது. குளிரில் எண்ணெய் உறைந்து கிடக்கிறது, சூடானதும் சத்தம் ஒளிந்துகொள்கிறது என்று அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கல்முனையில் கராஜ் வைத்திருக்கிற கிருஷாந்தனிடம் போய் அடியிலுள்ள நீள ஷாஃப்டைக் கழற்றி அதன் இணைப்புகளை மாற்றச் சொன்னார். எஞ்சினைத் தாங்குகிற ரப்பர்களை மாற்றச் சொன்னார். எண்ணெய்கள் அத்தனையையும் மாற்றச் சொன்னார். மாற்ற ஒன்றுமில்லாமல் போன பிறகு கிருஷாந்தன் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"அது ஒண்டுமில்ல நானா. பழைய போர்வீல், ஓட்டோ கியர் வேற. உள்ளுக்குப் பல்லுக்கும் பல்லுக்கும் இடையில கொஞ்சம் இடம் இருக்கும். எல்லா வண்டியும் கொஞ்சம் கொஞ்சம் கதைக்கும்."

அவன் நல்ல மனசோடுதான் சொன்னான். ஸைனுலாப்தீனின் முகம் செத்துப் போனது. ஜீப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினார். ஒன்றுமில்லை என்றால் ஏன் சத்தம் வருகிறது என்று அன்று முழுக்கக் கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு கிருஷாந்தனின் கராஜ் இருக்கிற தெருவாலேயே அவர் போகவில்லை.

மனைவி ஸம்ஸியாவின் தம்பி முனாபை ஒருநாள் பிடித்துக்கொண்டார். ஒலுவில் துறைமுகத்தில் மீன் வாங்கப் போகலாம் என்று கூட்டிப் போய், பாதி வழியில் அவனைப் பின்சீட்டில் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைக்கச் சொன்னார். முனாப் வாய் செத்த மனிசன், மச்சான் சொன்னால் செய்வான். ரோட்டோரத் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஜீப் நின்று நின்று போனபோது, பின்சீட்டில் ஒருவன் முகம் கவிழ்ந்து கிடப்பதைக் கடையிலிருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். இவர்கள் மீனோடு திரும்பி வருவதற்குள் முனாபுக்கு நெஞ்சு வலி என்று சாய்ந்தமருதுக்குச் செய்தி வந்து, அவன் பெண்சாதி தலையில் கை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சத்தம் என்னவோ பிடிபடவில்லை.

இதெல்லாம் சிரிக்கிற கதைதான். அப்ராவின் வேலை வந்து குறுக்கே நின்றதும் சிரிப்பு நின்றுவிட்டது.

அப்ரா அவருடைய ஒரே மகள். விவசாய டிப்ளோமா முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். விதைநெல் கம்பனி ஒன்று சவளக்கடைப் பக்கத்து வயல்களைப் பார்வையிட ஆள் தேடியது. களைகளைப் பார்க்கவேண்டும், கலப்பு நெல்லைப் பிடுங்கவைக்க வேண்டும், வயல் சொந்தக்காரப் போடியார்களோடு கதைக்கவேண்டும். எல்லாம் அவள் படித்த படிப்பு. ஒரேயொரு நிபந்தனை, சொந்த வாகனத்தில் வரவேண்டும். அப்ராவிடம் லைசன்ஸ் இருந்தது. வீட்டில் ஜீப் இருந்தது. திங்கட்கிழமை வேலையைத் தொடங்குவதாக அவள் ஒப்புக்கொண்டுவிட்டு வந்து வாப்பாவிடம் சாவி கேட்டாள்.

சத்தம் பிடிபடட்டும் என்றார் அவர்.

முதலில் அவள் சிரித்தாள். பிறகு கெஞ்சினாள். பிறகு உம்மாவை அனுப்பினாள். ஸைனுலாப்தீன் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார். தாம்போதி நடுவில் அந்த ஷாஃப்ட் கழன்று விழுந்தால் என்ன செய்வது? களிக்குள் தனியாக ஒரு பெண்பிள்ளை மாட்டிக்கொண்டால் யார் இருக்கிறார்கள்? அவர் கேட்டுக்கொண்டே நடந்தார். ஹோலுக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் ஜீப்புக்கும்.

"திங்கட்கிழம நான் போகாட்டி அந்த இடத்துக்கு வேற ஆள எடுத்திருவாங்க வாப்பா," என்றாள் அப்ரா.

"எடுத்தா எடுக்கட்டும் மகள். வேல பொறகும் வரும்."

அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவின் கீல் கொஞ்சம் கிறீச்சிட்டது. அவர் எண்ணெய் எடுக்கப் போனார்.

இந்த மனிசனை இப்படி ஆக்கியது எது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அவரைப் பார்த்துச் சிரித்தது மட்டும்தான் மிஞ்சும்.

கடல் ஊருக்குள் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்ன வீட்டில் இருந்தார்கள். ஸம்ஸியா கைக்குழந்தையான அப்ராவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். அவர் முற்றத்தில் குந்தியிருந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். கிழக்கே ஒரு இரைச்சல் கேட்டது. உள்ளேயிருந்து ஸம்ஸியா, அது என்ன சத்தம் என்று கேட்டாள். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"அது ஒண்டுமில்ல, லொறி கல்லுக் கொட்டுது," என்றார்.

மூத்த பிள்ளை அர்ஹம் அதைக் கேட்டான். லொறி என்றால் அவனுக்கு உயிர். வாப்பா சொன்னால் லொறிதானே என்று, அதைப் பார்க்கப் படலையைத் திறந்துகொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினான். அதற்குப் பிறகு அவர்கள் அர்ஹமைக் காணவில்லை. ஸம்ஸியாவையும் குழந்தையையும் இழுத்துக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பது இன்றுவரை அவருக்கே தெரியாது.

அன்றிலிருந்து எந்தச் சத்தத்தையும் அவர் ஒன்றுமில்லை என்று சொன்னதில்லை. ஸம்ஸியாவும் அன்றிலிருந்து ஒரு சத்தத்தைப் பற்றியும் அவரிடம் கேட்டதில்லை. கூரையில் தேங்காய் விழுந்தாலும் கேட்கமாட்டாள், தானே எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அவள் அவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் கேட்பதை நிறுத்திவிட்டாள், அது அவருக்குத் தெரியும்.

புது வீட்டைக் கடலுக்குத் தூரமாகக் கட்டினார். அதுவும் போதாதென்று ரோட்டிலிருந்து ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினார். முன்னால் செங்குத்தாக ஒரு கொங்கிறீட் சரிவு. ஜீப் பின்பக்கமாகத்தான் அதில் ஏறும், முகம் எப்போதும் ரோட்டைப் பார்த்திருக்க வேண்டும். சாவி வாசற்கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். டீசல் பாதிக்குக் கீழே இறங்க விடமாட்டார். எங்கே போனாலும் பொழுதுபட்டு மஃரிப் ஆகுமுன்னால் ஜீப் வீட்டுக்கு வந்துவிட வேண்டும், ஒரு இரவுகூட அது வேறு இடத்தில் நின்றதில்லை.

ஹேண்ட் பிரேக்கை மட்டும் யாரும் தொடக்கூடாது. எங்கள் கரையில் இது அவருடைய கிறுக்கு மட்டும் இல்லை. உப்புக் காற்று, இரண்டு நாள் இழுத்து வைத்தால் பிரேக் துருவில் ஒட்டிக்கொள்ளும், வண்டி நகராது என்று எல்லோரும் பயப்படுவார்கள். சில்லுக்குக் கல் வைப்பார்கள், கியரில் விட்டுவைப்பார்கள், அந்தத் தடியை மட்டும் இழுக்கமாட்டார்கள். ஸைனுலாப்தீனுக்கோ இரட்டிப்புப் பயம். ஓடவேண்டிய நேரத்தில் அது ஒட்டிக்கொண்டால்? கல்லை எடுக்கவும் நேரமில்லாமல் போனால்? அதனால் கல்லும் இல்லை, பிரேக்கும் இல்லை. பார்க்கிங்கில் போட்டுவிட்டு இறங்கிவிடுவார்.

அந்த வியாழக்கிழமை பக்கத்து வீட்டில் கல்யாணம். வீடுகளுக்கு முன்னாலுள்ள சின்ன ரோட்டை, அந்த ஒழுங்கையை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். ஜீப் உள்ளே இருந்தால் வெளியே எடுக்க முடியாது, வெளியே எடுக்க முடியாத ஜீப் இவருக்கு எதற்கு? புறுபுறுத்துக்கொண்டே அதை எடுத்துப் போய் ஒழுங்கை முனையில் பள்ளிக்கூட மதிலோரமாக நிறுத்தினார். வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுத கையோடு அதைப் பார்க்கப் போனபோது அப்ராவும் கூடப் போனாள். பனியில் ஜீப் முழுக்க நனைந்திருந்தது. ஏறி ஸ்டார்ட் பண்ணி, வழக்கம்போலத் தோளைக் குறுக்கிக்கொண்டு கியர் தடியை இழுத்தார்.

பெரிய சத்தம் வரவில்லை.

சந்தோசப்பட வேண்டிய மனிசன் வெலவெலத்துப் போனார். மறுபடி பார்க்கிங்கில் போட்டு இழுத்தார். இல்லை. எண்ணெய் குளிர்ந்துதான் இருக்கிறது, பிறகு ஏன் வரவில்லை? வந்துகொண்டிருந்த சத்தம் நின்றுவிட்டால் உள்ளே ஏதோ முறிந்து விழுந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? இறங்கி மதிலோரத்தில் முழங்கால் போட்டு அடியைத் தேடினார். கட்டியிருந்த வெள்ளைச் சாரம் முழுக்க மண். கல்யாண வீட்டுக்கு வந்தவர்கள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்கள்.

அப்ரா ஜீப்பைப் பார்க்கவில்லை. ஜீப் நின்ற மட்டமான தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு ஒழுங்கையின் மறுமுனையில் தெரிந்த தங்கள் வீட்டுச் சரிவைப் பார்த்தாள்.

பின்னேரம் பந்தல் கழற்றியதும் ஜீப்பை ஏற்றுவதற்குத் தானே சாவியை எடுத்தாள். அவர் வேண்டாம் என்பதற்குள் பின்பக்கமாக ஏற்றி நிறுத்திவிட்டாள். பிரேக்கில் காலை வைத்தபடியே நியூட்ரலில் போட்டாள். லைசன்ஸ் பழகின இடத்தில் சொல்லிக் கொடுத்தபடி, வாப்பா ஒருநாளும் தொடவிடாத ஹேண்ட் பிரேக் தடியை இழுத்தாள். அது வயதான ஆள் எழும்புகிற மாதிரி முனகியது. காலை எடுத்தாள், ஜீப் கொஞ்சமாக நகர்ந்து நின்றது. அதற்குப் பிறகுதான் பார்க்கிங்கில் போட்டாள்.

அவர் வாசலில் நின்று, அது ஒட்டிக்கொள்ளப் போகிறது, ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். காலையில் பாருங்க என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

சனிக்கிழமை காலை அவரையே ஏற்றி இருத்தினாள். குளிர் அதே குளிர், சரிவு அதே சரிவு. அவர் கியர் தடியை இழுத்தார். ஒரு சத்தமும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இறக்கினார். அது ஒட்டவில்லை, ஜீப் பூனைபோல ரோட்டுக்கு இறங்கியது.

"சரிவுல நிக்கிற இவ்வளவு பாரத்தயும் கியருக்கு உள்ளுக்கு இருக்கிற ஒரு சின்னப் பல்லுல தொங்க விட்டிருக்கீங்க," என்றாள் அப்ரா. "காலையில அதப் பிடுங்கி எடுக்கேக்குள்ள அது கத்தும்தானே."

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். "அவசரத்துக்கு எடுக்கேக்குள்ள இறுகி நிண்டா என்ன செய்ற?"

அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

"நீங்க ஓடுறத்துக்கு இத நிப்பாட்டி வெச்சிருக்கீங்க வாப்பா. நான் வேலைக்குப் போறத்துக்குக் கேக்கிறன்."

தனக்கு வந்தது கோபமா வெட்கமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அர்ஹமுக்காகத்தான் அந்தச் சரிவை அவ்வளவு உயரமாகக் கட்டினார். அர்ஹமுக்காகத்தான் ஜீப்பின் முகத்தை ரோட்டுக்குத் திருப்பி வைத்தார். இந்தப் பிள்ளையும் அதே ஜீப்புக்குள்தான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அன்று கிருஷாந்தனின் தெருவால் போனார். கிருஷாந்தன் பழையதைப் பேசவில்லை. ஹேண்ட் பிரேக் கம்பியைத் துருப் போகத் துடைத்து, ஷாஃப்டுக்கும் கிறீஸ் அடித்துக் கொடுத்தான். ரோட்டில் இறங்கிப் புறப்பட்டபோது சின்னச் சத்தம் 'டிக்' என்றது. ஸைனுலாப்தீன் ஜீப்பை நிறுத்திவிட்டு இது என்ன என்று கேட்டார். கிருஷாந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான். பிறகு, இது இருக்கும் நானா, இதோட ஓடலாம் என்றான்.

ஓடலாம். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பட்ட பாடு! கடையைத் திறந்தார், மூடினார். சரிவில் ஏறி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார், இறக்கினார், மறுபடி இழுத்தார். உப்பு இதற்குள் பிடித்திருக்குமோ என்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் ஒருமுறை போய் இழுத்துப் பார்த்தார். தனியாகக் கிட்டங்கி வரைக்கும் ஓட்டிப் போய்த் தாம்போதியில் தண்ணீர் எவ்வளவு என்று எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். போகும்போதும் வரும்போதும் அந்தச் சின்னச் சத்தத்தை எண்ணாமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. ஸம்ஸியா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு தன் பாட்டுக்கு வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை அப்ரா உடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது ஆணியில் சாவி இல்லை. அவள் முகம் வாடிப்போனது. திரும்பிப் பார்த்தால் வாப்பா சரிவுக்குக் கீழே ரோட்டில் நிற்கிறார், கையில் சாவி. அதை அவளிடம் நீட்டினார். தாம்போதியில் தண்ணீர் சில்லுக்கு அரைவாசி இருந்தால் திரும்பிவிட வேண்டும், களியில் இறங்குமுன் நாலு சில்லுக்கும் மாற்ற வேண்டும், தார் ரோட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும், போய்ச் சேர்ந்ததும் போன் பண்ண வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றாள். ஸம்ஸியா பிள்ளையின் தலையில் கை வைத்து ஓதி ஊதிவிட்டாள்.

அப்ரா ஏறினாள். ஹேண்ட் பிரேக்கை இறக்கினாள். ஜீப் சத்தமில்லாமல் சரிவால் இறங்கி ரோட்டில் ஒருகணம் நின்றது. ஒரு சைக்கிள்காரரைப் போகவிட்டு, அவள் காலை மாற்றி அழுத்தினாள். அடியில் 'டிக்' என்றது.

ஸைனுலாப்தீனின் கை தன்னையறியாமல் உயர்ந்தது. ஒரு சொல் சொன்னால் போதும், அவள் நிறுத்திவிடுவாள். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து ஸம்ஸியா கேட்டாள். இத்தனை வருசத்தில் ஒருநாளும் கேட்காதவள்.

"அது என்ன சத்தம்?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் ஜீப்பைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் பதில் வரும் வரைக்கும் அவள் நிற்பாள் என்று அவருக்குத் தெரிந்தது. உயர்த்திய கையை மகளுக்கு ஆட்டிக் காட்டினார்.

"அது ஒண்டுமில்ல ஸம்ஸியா," என்றார்.

ஜீப் ஒழுங்கை முனையில் திரும்பி மறைந்தது. ஸம்ஸியா அவருடைய முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். சவளக்கடையிலிருந்து அப்ரா போன் பண்ணும் வரைக்கும் இரண்டு பேரும் வீட்டுக்குள் போகவில்லை.